கமரா பதிவுக்கருவிக்குப் போர்ட் ஃபோர்வர்டிங்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையில் வயதான பெற்றோர் மட்டும் வசிக்கும் வீடுகளிலும், உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகளிலும், நகரத்துக் கடைகளிலும் இப்போது நான்கு அல்லது எட்டுக் கமராக்களும், அவற்றின் காட்சிகளைச் சேமிக்கும் டிவிஆர் அல்லது என்விஆர் ஒன்றும் இருப்பது வழமையாகிவிட்டது. அவற்றைக் கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ பார்க்க வேண்டும் என்று வரும்போதுதான் போர்ட் ஃபோர்வர்டிங் என்ற பேச்சு எழுகிறது. அது தொடர்பாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. வரிசையாக வாசிப்பது நல்லது. உங்கள் இணைப்பு இதற்குப் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டால், நடுவிலுள்ள பல விடைகள் உங்களுக்குத் தேவைப்படாது.

போர்ட் ஃபோர்வர்டிங் என்றால் என்ன?

வீட்டிலுள்ள கைத்தொலைபேசி, தொலைக்காட்சி, பதிவுக்கருவி ஆகிய அனைத்துக்கும் ரவுட்டர் 192.168.1.50 போன்ற உள்முகவரிகளை வழங்குகிறது. இந்த முகவரிகள் அந்த வீட்டுக்கு வெளியே செல்லுபடியாகா. வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் வெளி ஐபி முகவரி ஒன்றே. உள்ளிருந்து ஒரு கருவி வெளியே எதையாவது கேட்டால், கேட்டது எந்தக் கருவி என்பதை ரவுட்டர் குறித்துவைத்துக்கொண்டு பதிலை அதனிடம் சேர்ப்பிக்கிறது. வெளியிலிருந்து தானாக வரும் இணைப்பை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாததால் அதைக் கைவிட்டுவிடுகிறது. போர்ட் என்பது ஒரு முகவரியிலுள்ள இலக்கமிட்ட வாசல் போன்றது. வெளியே இந்த இலக்கமுள்ள போர்ட்டுக்கு வருவதை உள்ளே இந்த முகவரியின் இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு என்று நாம் ரவுட்டரில் எழுதிவைக்கும் விதியே போர்ட் ஃபோர்வர்டிங். அந்த விதி, வருபவர் யார் என்று விசாரிப்பதில்லை. கனடாவிலுள்ள மகனுக்காகத் திறந்த வழி உலகத்திலுள்ள எல்லோருக்கும் திறந்த வழிதான். பிறகு காவலுக்கு மிஞ்சுவது பதிவுக்கருவியின் கடவுச்சொல் மட்டுமே.

கமரா பூட்டியவர் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து செயலியில் படத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். இனியும் போர்ட் திறக்க வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டியதில்லை. அந்த முறையில் பதிவுக்கருவியே தயாரிப்பாளரின் சேர்வருடன் வெளிநோக்கித் தொடர்பை ஏற்படுத்தி அதைத் துண்டிக்காமல் வைத்திருக்கிறது. ஹிக்விஷன் கருவிகளுக்கு ஹிக்-கனெக்ட், டாஹுவா கருவிகளுக்கு டிஎம்எஸ்எஸ் ஆகிய செயலிகள் இந்த வழியில்தான் இயங்குகின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாட்டை, வேகம் கூடும் என்று யாரோ சொன்னதற்காகக் குழப்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

போர்ட் உண்மையில் தேவைப்படும் இடங்களும் உண்டு. தயாரிப்பாளரின் சேவை நிறுத்தப்பட்டுவிட்ட பழைய கருவிகள், பெயர் தெரியாத மலிவான டிவிஆர்கள், கொழும்பிலுள்ள அலுவலகக் கணினியில் பல கிளைகளின் கமராக்களை ஒரே மென்பொருளில் பார்க்க விரும்பும் கடைக்காரர்கள், தங்கள் காட்சிகள் மூன்றாம் தரப்பின் சேர்வர் வழியே செல்வதை விரும்பாதவர்கள் ஆகியோருக்கு இனி வருவன பயன்படும்.

என் இணைய இணைப்பில் இது வேலை செய்யுமா என்பதை எப்படி அறிவது?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னர் செய்ய வேண்டிய சோதனை இது. இதைச் செய்யாமல் ரவுட்டரின் மெனுக்களோடு மல்லுக்கட்டுபவர்களே அதிகம்.

வீட்டு வைஃபையில் இணைந்த கணினியின் உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். சில ஃபைபர் பெட்டிகளில் 192.168.100.1 ஆகவும், சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1 ஆகவும் இருக்கும். அடியில் ஒட்டப்பட்ட ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளலாம். உள்நுழைந்ததும் நிலைமையைக் காட்டும் பக்கத்தில் வான் ஐபி (WAN IP, ரவுட்டரின் வெளி முகவரி) என்ற வரியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அதே வைஃபையில் உள்ள கைத்தொலைபேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, எனது ஐபி முகவரி என்ன என்று கூகுளில் தேடி, அங்கே காட்டப்படும் எண்ணையும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களிடம் பொது முகவரி இருக்கிறது, மேலே தொடரலாம்.

இரண்டும் வேறுபட்டால், வான் ஐபி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், நீங்கள் சேவை நிறுவனத்தின் சிஜி-நாட் எனப்படும் பெரிய பகிர்வு அமைப்புக்குப் பின்னால் இருக்கிறீர்கள் என்று பொருள். 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ, 192.168 என்றோ தொடங்கினாலும் அது பொது முகவரியன்று. ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கு முகவரிகளை ஒதுக்கும் ஏப்னிக் அமைப்பு 2011 ஏப்ரலிலேயே தன் கையிருப்பின் இறுதித் தொகுதிக்கு வந்துவிட்டது; 100.64 தொகுதி இத்தகைய பகிர்வுக்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டது. ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிரும்போது, உங்கள் ரவுட்டரில் எழுதும் விதி எவ்வளவு சரியாக இருந்தாலும் வெளி இணைப்பு அதுவரை வந்து சேராது. சிம் அட்டையில் இயங்கும் 4ஜி வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் இதுவே நிலை. காப்பர் வயரிலும் ஃபைபரிலும் வாய்ப்பு அதிகம் என்றாலும், எண்ணைப் பார்க்காமல் எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

பொது முகவரி இல்லையென்றால் என்ன வழி?

சேவை நிறுவனத்தை அழைத்துப் பொது ஐபி முகவரி தர முடியுமா, அதற்கு மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கலாம். கேட்கும்போது, மாறாத நிலையான முகவரி தேவையில்லை, சிஜி-நாட் இல்லாத முகவரி போதும் என்று தெளிவாகச் சொல்லுங்கள், இரண்டும் வெவ்வேறு, முன்னையதன் விலை பொதுவாக அதிகம்.

அது கிடைக்காவிட்டால், தயாரிப்பாளரின் செயலியே எளிய வழி. சற்றுப் பொறுமை உள்ளவர்கள், வீட்டில் ராஸ்பெரி பை போன்ற சிறிய கணினியொன்றை எப்போதும் ஓடவிட்டு, அதில் டெய்ல்ஸ்கேல் அல்லது சீரோடியர் போன்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் வரும் பூட்டிய தனிப்பாதை) மென்பொருளை நிறுவலாம். அவையும் வெளிநோக்கித் தொடர்பை ஏற்படுத்துபவை என்பதால் சிஜி-நாட் அவற்றுக்குத் தடையில்லை. ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதுமில்லை.

ஃபைபர் பெட்டி ஒன்றும், நான் வாங்கிய வைஃபை ரவுட்டர் ஒன்றும் இருக்கின்றன. எதில் விதி எழுதுவது?

பதிவுக்கருவி உங்கள் ரவுட்டரில் இணைந்திருக்க, அந்த ரவுட்டர் ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் இருந்தால், விதி இரண்டிலும் தேவை: பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து பதிவுக்கருவிக்கு இன்னொன்று. இரண்டாவது ரவுட்டரை வெறும் அக்சஸ் பொயின்ட் நிலைக்கு மாற்றி, முகவரி வழங்கும் வேலையை ஃபைபர் பெட்டியிடமே விட்டுவிட்டால் ஒரு விதி போதும். பெரிய விடுதிகளைத் தவிர மற்ற இடங்களில் இதுவே தலைவலி குறைந்த ஏற்பாடு.

முதல் நாள் வேலை செய்தது; மழை, மின்தடைக்குப் பிறகு படம் வரவில்லை. ஏன்?

பதிவுக்கருவிக்கு நிலையான உள்முகவரி கொடுக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ரவுட்டர், தானாக முகவரி வழங்கும் தன் டிஎச்சிபி பட்டியலிலிருந்து முகவரிகளைத் தவணைக்குத்தான் கொடுக்கிறது. வாடைக்காற்று மழைக்காலத்தில் மின்சாரம் போய் வந்து, எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் மீண்டும் இயங்கும்போது, நேற்று பதிவுக்கருவியிடம் இருந்த முகவரி இன்று தொலைக்காட்சிக்குப் போயிருக்கலாம். விதியோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. ரவுட்டரில் பதிவுக்கருவியின் மெக் முகவரியை (கருவிக்கென ஆலையில் இடப்பட்ட அடையாள எண்) பதிந்து அதற்கென ஒரு முகவரியை ஒதுக்குவது ஒன்று; நான் விரும்புவது அதையே, ஏனெனில் ஒதுக்கீடு ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த வசதி இல்லாத ரவுட்டரில், பதிவுக்கருவியின் வலையமைப்பு மெனுவுக்குச் சென்று டிஎச்சிபியை நிறுத்தி, முகவரியை நீங்களே எழுத வேண்டும். ரவுட்டர் 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை வழங்குகிறது என்றால், அந்த எல்லைக்கு வெளியே 192.168.1.50 என்று கொடுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே ரவுட்டரின் முகவரி. கேட்வேயை வெறுமையாக விட்டுவிடுவது பலர் செய்வது. அப்போது வீட்டுக்குள் படம் அழகாக வரும், வெளியே மட்டும் வராது. பதிவுக்கருவிக்கு வெளியே பதில் அனுப்பும் பாதை தெரியாததே காரணம்.

மின்தடை அடிக்கடி வரும் இடத்தில் பதிவுக்கருவிக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்துவிட்டு ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் விட்டுவிட வேண்டாம். பதிவு தொடரும், பார்க்க முடியாது.

எந்தெந்தப் போர்ட்களைத் திறக்க வேண்டும்?

கைத்தொலைபேசிச் செயலிக்கு ஒன்று போதும். ஹிக்விஷன் கருவிகளில் அது வழக்கமாக 8000, டாஹுவாவில் 37777, இரண்டும் டிசிபி என்ற நெறிமுறையில். வேறு மென்பொருளில் காட்சியை நேரடியாக எடுக்க வேண்டுமானால் காட்சி அனுப்பும் நெறிமுறையான ஆர்டிஎஸ்பிக்குரிய 554உம் தேவைப்படும். உங்கள் கருவியில் யாராவது இவற்றை மாற்றியிருக்கக்கூடும் என்பதால், அதன் வலையமைப்பு மெனுவில் உள்ள இலக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

80ஐத் திறக்க வேண்டாம். உலாவியில் பார்க்க வசதியாக இருக்கும் என்று பூட்டுபவர்கள் முதலில் திறப்பது அதைத்தான். தாக்குபவர்கள் முதலில் தட்டிப் பார்ப்பதும் அதைத்தான். 2021 செப்டெம்பரில் வெளியான ஹிக்விஷன் குறைபாடொன்றில், கருவியின் 80 அல்லது 443 போர்ட்டை எட்ட முடிந்தாலே போதும், பயனர்பெயரோ கடவுச்சொல்லோ இல்லாமல் கருவியை முழுமையாகக் கைப்பற்ற முடிந்தது. அந்தப் போர்ட்களை வெளியே காட்டாத வீடுகளுக்கு இணையத்திலிருந்து அந்த வழியில் எவரும் வர முடியவில்லை.

ரவுட்டரில் என்ன எழுத வேண்டும்?

அந்த மெனு ஒரு ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்டிங் என்றும், இன்னொன்றில் விர்ச்சுவல் சேர்வர் என்றும், வேறொன்றில் போர்ட் மேப்பிங் என்றும் இருக்கும். சேவை நிறுவனம் தந்த ரவுட்டர்களில் ஸ்டிக்கரில் உள்ள சாதாரணக் கணக்கால் நுழைந்தால் அந்த மெனுவே தென்படாமலிருப்பதும் உண்டு. அப்போது வாடிக்கையாளர் சேவையிடம் கேட்பதைத் தவிர வேறு நேர்வழி இல்லை.

நிரப்ப வேண்டியவை எங்கும் ஒன்றே. பெயர் என்ற இடத்தில் கமரா, வெளிப் போர்ட் 41877, உள்முகவரி 192.168.1.50, உட்போர்ட் 8000, நெறிமுறை டிசிபி. வெளிப் போர்ட்டுக்கு 8000 என்றே போடாமல் உயரமான ஓர் இலக்கத்தைத் தெரிவுசெய்தால், எல்லா முகவரிகளிலும் 8000ஐ மட்டும் தேடித் திரியும் தானியங்கி ஸ்கேனர்களின் தொல்லை குறையும். முழு இலக்கங்களையும் தேடுபவருக்கு அது தடையாகாது என்பதால் அதைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. செயலியில் முகவரியுடன் இந்த 41877ஐக் கொடுக்க மறக்க வேண்டாம்.

படம் வரவில்லையென்றால் பதிவுக்கருவியை டிஎம்இசட்டில் போட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஒரு போர்ட்டை அல்ல, எல்லாப் போர்ட்களையும் அந்தக் கருவிக்குத் திறந்துவிடுகிறது. யூபிஎன்பி இயங்கினால் வீட்டிலுள்ள எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் தனக்கான விதியைத் தானே எழுதிக்கொள்ளும். நீங்கள் திறக்காத 80 திறந்திருப்பதன் மர்மம் பல வீடுகளில் இதுவே. ரவுட்டரிலும் பதிவுக்கருவியிலும் அதை நிறுத்திவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் வீட்டில் இருந்து பார்த்தால் இணைப்பு கிடைக்கவில்லையே?

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு வெளி முகவரியைத் தட்டினால், உள்ளிருந்து வெளியே போய்த் திரும்பி வரும் அந்தச் சுற்றைப் பல ரவுட்டர்கள் ஏற்பதில்லை. வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். அப்போதும் வராவிட்டால், போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கும் இணையதளத்தில் உங்கள் முகவரியையும் 41877ஐயும் கொடுங்கள். திறந்திருக்கிறது என்று காட்டினால் பிழை செயலியில் கொடுத்த பயனர்பெயரிலோ கடவுச்சொல்லிலோ இருக்கிறது. மூடியிருக்கிறது என்று காட்டினால், கேட்வே, உள்முகவரி, வான் ஐபி என்ற ஒழுங்கில் திரும்பச் சரிபாருங்கள்.

வெளி முகவரி சில நாட்களுக்கு ஒருமுறை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் செயலியில் மாற்ற வேண்டுமா?

வேண்டாம், டிடிஎன்எஸ் சேவை அதற்காகவே உள்ளது. நோ-ஐபி, டக்-டிஎன்எஸ் போன்றவற்றில் ஒரு பெயரைப் பதிவுசெய்து, அந்தக் கணக்கை ரவுட்டரில் அல்லது பதிவுக்கருவியில் கொடுத்துவிட்டால், முகவரி மாறும்போதெல்லாம் அந்தப் பெயர் புதிய முகவரியைச் சுட்டும். செயலியில் எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுங்கள். நோ-ஐபியின் இலவசப் பெயரை 30 நாட்களுக்கு ஒருமுறை மின்னஞ்சல் வழியே உறுதிப்படுத்த வேண்டும் என்பதால், வெளிநாட்டில் இருப்பவரின் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவுசெய்தால் அவர் அதைக் கவனிப்பார் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

என் வீட்டு வாசலை யார் பார்க்கப் போகிறார்கள்? பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

வாசலைப் பார்ப்பது அவர்களுடைய நோக்கமன்று. 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி ஒரு படையாகத் திரட்டியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டின் நிறுவனத்தின் மீது அத்தகைய கருவிகளைக் கொண்டு நடத்தப்பட்ட தாக்குதலால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்குக் கிடைக்காமற் போயின. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை, ஏனெனில் கமராவில் படம் வழமைபோல் வந்துகொண்டிருந்தது.

எனவே, நீளமான, வேறெங்கும் பாவிக்காத கடவுச்சொல்லை வையுங்கள். வெளியிலிருந்து பார்ப்பதற்கு நிர்வாகிக் கணக்கைக் கொடுக்காமல், பார்க்க மட்டும் அனுமதியுள்ள தனிப் பயனரை உருவாக்கிக் கொடுங்கள். அவருடைய கைத்தொலைபேசி தொலைந்தாலும் பதிவுகளை அழிக்கும் அதிகாரம் பிறர் கைக்குப் போகாது. ஃபேர்ம்வேரை (கருவியை இயக்கும் உள்மென்பொருள்) தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும், உங்கள் மாதிரி இலக்கம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் புதுப்பியுங்கள். சீனச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்டு இங்கே மலிவாக விற்கப்படும் கருவியில் சர்வதேச ஃபேர்ம்வேரை ஏற்றினால் அது இயங்காமலே போய்விடக்கூடும்.

விடுதி நடத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரவேற்பறைச் சுவரில் எழுதி ஒட்டியுள்ள வைஃபையும் பதிவுக்கருவியும் ஒரே வலையமைப்பில் இருந்தால், போர்ட் எதுவும் திறக்காமலே, அறையிலிருந்து விருந்தினர் 192.168.1.50ஐ உலாவியில் தட்டிப் பதிவுக்கருவியின் நுழைவுப் பக்கத்தை அடையலாம். ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபையை இயக்கி, சுவரில் அதன் பெயரையே எழுதுங்கள்.

பொது முகவரியும் இருந்து, உங்கள் ரவுட்டரில் வயர்கார்ட் அல்லது ஓப்பன்விபிஎன் வசதியும் இருந்தால், மேலே சொன்ன விதியையே எழுதாமல் விபிஎன் வழியாக வீட்டு வலையமைப்புக்குள் வந்து 192.168.1.50ஐப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. வயர்கார்ட் உரிய சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே சொல்லாது. ஸ்கேன் செய்பவருக்கு அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது.

எவ்வளவு டேட்டா செலவாகும்?

வெளியிலிருந்து பார்க்கும்போது செலவாவது வீட்டு இணைப்பின் மேலேற்றம். முழுத் தெளிவுள்ள முதன்மைக் காட்சி 4 எம்பிபிஎஸ் என்றால், ஒரு கமராவுக்கு மணிக்கு 1.8 ஜிபி. தெளிவு குறைந்த துணைக் காட்சியை 512 கேபிபிஎஸ் என்று அமைத்தால் மணிக்கு ஏறத்தாழ 230 எம்பிதான். அதிலும், நான்கு கமராக்களைக் கடைக்காரர் தினமும் எட்டு மணிநேரம் திரையில் திறந்தே வைத்திருந்தால், மாதம் ஏறக்குறைய 220 ஜிபி ஆகிவிடும். மேலேற்றமும் கணக்கிடப்படும் பொதியில் இது சிறிய அளவன்று. காப்பர் வயரிலுள்ள ஏடிஎஸ்எல் இணைப்பின் மேலேற்ற வேகம் 1 எம்பிபிஎஸ் அளவில் நின்றுவிடுவதால், அங்கே முதன்மைக் காட்சியை எதிர்பார்ப்பதில் பயனில்லை. செயலியில் துணைக் காட்சியைத் தெரிவுசெய்து, வேண்டியபோது மட்டும் ஒரு கமராவைத் தெளிவாகப் பாருங்கள்.

இணையத்தில் இணைத்த பிறகு பதிவின் நேரம் பிழையாகக் காட்டுகிறது. ஏன்?

கருவியின் நேர வலயம் சீன நேரமான +8இல் இருக்க, இணையத்திலிருந்து நேரம் பெறும் என்டிபி மூலம் கடிகாரம் தானாகத் திருத்தப்பட்டிருக்கிறது. இரவு 11 மணிக்கு நடந்தது அதிகாலை 1.30 என்று பதிவாகும். வலயத்தை +5.30 என்று மாற்றி, கோடைகால நேர வசதியை நிறுத்துங்கள். களவு போனபின் பொலிசாரிடம் பதிவைக் கொடுக்கும் நிலை வந்தால் இந்த இரண்டரை மணிநேரம் பெரிய சிக்கலாகும்.

வேறு யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று எப்படி அறிவது?

பதிவுக்கருவியின் பராமரிப்பு மெனுவில் லொக் பதிவுகள் உள்ளன. தொலைவிலிருந்து நுழைந்தவர்களின் நேரமும் ஐபி முகவரியும் அங்கே இருக்கும். தோல்வியுற்ற முயற்சிகள் வரிசையாக இருப்பதைக் கண்டு பதறத் தேவையில்லை. திறந்த போர்ட்டுக்கு அது நாளாந்த நிகழ்வு. வெற்றிகரமான நுழைவு ஒன்று, உங்களவர் எவரும் பார்க்காத நேரத்தில் இருந்தால், அல்லது நீங்கள் உருவாக்காத பயனர்பெயர் பட்டியலில் இருந்தால், முதலில் ரவுட்டரில் அந்த விதியை அழியுங்கள். கடவுச்சொல்லை முதலில் மாற்றினால், உள்ளே இருப்பவர் அதையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். விதியை அழித்தபின் லொக் பதிவுகளை யூஎஸ்பியில் பிரதி எடுத்து, கருவியை ஆலை நிலைக்குத் திருப்பி, ஃபேர்ம்வேரைப் புதுப்பித்து, புதிய கடவுச்சொற்களை வையுங்கள். ஆலை நிலைக்குத் திருப்பும்போது வன்தட்டைப் ஃபோர்மட் செய்யவா என்று கருவி கேட்டால் மறுத்துவிடுங்கள். பழைய காட்சிகள் தேவைப்படலாம். புதுப்பிப்பே கிடைக்காத பழைய கருவியாக இருந்தால் அந்த விதியை மீண்டும் எழுதாமல், விபிஎன் வழியாக மட்டும் அதைப் பாருங்கள்.